விற்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி கலக்கிக்கிட்டு வந்து நிதானமா படிங்க.

தைப்பூசம் நெருங்குது. இந்த ரெண்டு வாரத்துல நாலு பேர் எனக்குத் தனியா மெசேஜ் போட்டிருக்காங்க. எல்லாம் ஒரே கேள்விதான். “அண்ணே, உங்க மக வீட்டுலேயே கேன்வஸ் துணியில படம் அச்சடிச்சு விக்குதே, நாங்களும் ஆரம்பிக்கலாமா? திருவிழாப் படம் நல்லா ஓடுமா?” தனித்தனியா பதில் எழுதுறதை விட எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிடுறேன்.

ஆரம்பிக்கலாம். தாராளமா ஆரம்பிக்கலாம். ஆனா நாங்க பண்ணின ஒரு தப்பை நீங்க பண்ணக்கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என்னைத் தெரியாதவங்களுக்கு: நான் பிறை தொழிற்பேட்டையில ஒரு ஃபேக்டரியில சூப்பர்வைசர். எஸ்பிஎம் முடிச்ச கையோட லைன்ல ஏறினவன், இன்னும் இறங்கல. வெள்ளிக்கிழமை சாயந்திரமும் ஞாயித்துக்கிழமையும் கோயில்ல இருப்பேன். பந்தல் கட்டுறது, அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிறது, கார் நிறுத்துற இடத்துல விசில் ஊதுறது, எதைச் சொன்னாலும் செய்யிற ஆளு. படம் எடுக்கிறது என் சின்ன மக. அச்சடிக்கிறதும் அதுதான். ஃபிரேம் அடிக்கிறது மட்டும் நான், வீட்டு முன்வாசல்ல.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்துல கல்யாணம் காதுகுத்து எல்லாம் நின்னு போச்சு. படம் எடுக்கப் போய்க்கிட்டு இருந்த புள்ள வீட்டுல சும்மா உட்கார்ந்துச்சு. அப்போ ஒரு கடை மூடுறாங்கன்னு கேள்விப்பட்டு, 24 அங்குல அகலம் அடிக்கிற பழைய பிரிண்டர் ஒண்ணை வாங்கினோம். பின்னால துணி காயப்போடுற அறையைக் காலி பண்ணி வச்சோம். அப்படித்தான் ஆரம்பிச்சுது.

முதல்ல தொழில் விஷயத்தைச் சொல்லிடுறேன். கேட்டவங்களுக்குப் பயன்படும்.

கேன்வஸ் ரோல்ல வருது, ஒரு ரோல் 12 மீட்டர். 16க்கு 24 அங்குலப் படம்னா, ஃபிரேமைச் சுத்தி மடிச்சு அடிக்க நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலா விடணும். ஆக 20க்கு 28 வெட்டணும். கணக்குப்படி ஒரு ரோல்ல 16 துண்டு வரும். கையில நிக்கிறது 13, 14 தான். மீதி ரிஜெக்ட். கோடு விழும், கலர் மாறும், மூலையில மடிக்கும்போது மை உரியும்.

மை விஷயத்துல கஞ்சத்தனம் பார்க்காதீங்க. பிக்மென்ட் மைதான் நிறம் நிக்கும். விலை கம்மின்னு சாதா டை மையில அடிச்சா, வெயில் படுற சுவத்துல சீக்கிரமே வெளுத்துடும். அடிச்ச உடனே வார்னிஷ் பூசக்கூடாது. நாங்க ஒரு நாள் முழுசும் காய விடுறோம். நம்ம ஊர் ஈரக் காத்துக்கு வார்னிஷ் இல்லாம கொடுத்தீங்கன்னா துணி தளர்ந்து தொங்கும், மழைக்காலத்துல பூஞ்சணம் பிடிக்கும். இன்னொண்ணு, பிரிண்டரை வாரக்கணக்குல சும்மா போட்டா மை காஞ்சு ஓட்டை அடைச்சுக்கும். சுத்தம் பண்ண விட்டா அதுக்கே பாதி மையைக் குடிக்கும். ஆர்டர் இல்லாட்டியும் ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை சின்னதா ஒரு டெஸ்ட் அடிச்சுடுங்க.

வாட்ஸ்அப்ல வந்த படத்தை அச்சடிச்சுக் கொடுன்னு நிறைய பேர் கேப்பாங்க. வாட்ஸ்அப் சாதாரணமா அனுப்பினா படத்தைச் சுருக்கிடும், நீளப் பக்கம் 1,600 புள்ளி அளவுக்குத்தான் வரும். அதை 24 அங்குலத்துக்கு இழுத்தா அங்குலத்துக்கு 67 புள்ளி கூட இல்ல. கேன்வஸுக்கு 150 ஆவது வேணும். முகமெல்லாம் கஞ்சி மாதிரி கலங்கிப் போகும். அசல் ஃபைலைக் கேட்டு வாங்குங்க.

இப்போ காசு. நாங்க போடுற கணக்கு இது. துணி 22 வெள்ளி, மை 12, மரச்சட்டம் 14, வார்னிஷ் 4, ஆணி, கொக்கி, சுத்திக் கொடுக்கிற பிளாஸ்டிக் எல்லாம் 5. மொத்தம் 57. ரெண்டு மணி நேர வேலைக்கு மணிக்கு 10 வெள்ளி போட்டா 77. ரிஜெக்ட், மெஷின் தேய்மானத்துக்கு ஒரு 13. ஆக 90. நாங்க 130க்கு விக்கிறோம். “அண்ணே, துணியும் மையும்தானே, 60 போடுங்க”ன்னு கேக்குறவங்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்க. 60க்குக் கொடுத்தா ரெண்டு மணி நேரம் இலவசமா உழைச்சிட்டு, ரிஜெக்ட் காசையும் கையில இருந்து போடுறோம்னு அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, நான் சொல்ல வந்த தப்பும் இந்தக் கணக்குல இருந்துதான் வந்துச்சு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எங்க கோயில் திருவிழா. பால்குடம். என் மக அன்னிக்கு எடுத்ததுல ஒரு படம், நானே சொல்லக்கூடாது, அப்படி ஒரு படம். ஒரு இளம் பொண்ணு. மஞ்சள் புடவை முழுக்க நனைஞ்சிருக்கு. அருள் வந்து, முடி அவிழ்ந்து, கண்ணு மேல செருகி நிக்குது. பின்னால இருந்து யாரோ ஒருத்தரோட கை மட்டும் அதோட தோளைத் தாங்கிப் பிடிச்சிருக்கு. பார்த்த எல்லாருக்கும் சிலிர்த்துப் போச்சு.

அந்த வருஷக் கடைசியில கோயில் கூரை நிதிக்காக ஒரு விற்பனைச் சந்தை போட்டோம். நாங்களும் ஒரு மேசை எடுத்தோம். விக்கிறதுல ஒரு பங்கு கூரைக்குன்னு பேச்சு. எல்லாரும் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டதால, குறைச்சோம். விலையைக் குறைச்சா என்ன பண்ணணும்? எண்ணிக்கையைக் கூட்டணும். ஃபேக்டரி புத்தி. ஒரே வாரத்துல 30 படம். புள்ள ராத்திரி ஒரு மணி வரைக்கும் அச்சடிச்சுது, நான் ஓவர்டைம் முடிச்சு வந்து ஆணி அடிச்சேன். எந்தப் படம் யாருடையது, யார்கிட்ட கேட்டோம்னு யோசிக்க நேரமே இல்ல. நேரம் இருந்திருந்தாலும் யோசிச்சிருப்போமான்னு கேட்டா, உண்மையைச் சொல்லணும்னா, தெரியல.

அந்தப் பொண்ணு படம் மூணு அடிச்சோம். முதல் நாளே ரெண்டு போயிடுச்சு. மூணாவதை மேசைக்கு நேர் மேல, எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டி வச்சோம்.

ரெண்டாவது நாள் சாயந்திரம் ஒரு அம்மா வந்து அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னாங்க. ரொம்ப நேரம். நான் போய், “வாங்கம்மா, பிடிச்சிருக்கா?”ன்னு கேட்டேன்.

“அண்ணே, இது என் மக.”

நான் சந்தோஷமாயிட்டேன். “அப்படியாம்மா! அப்போ உங்களுக்குப் பாதி விலை, எடுத்துக்குங்க”ன்னேன்.

அவங்க என் முகத்தைப் பார்க்கல. “நான் வாங்க வரலண்ணே. அவ அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு நேர்ந்துக்கிட்டு எடுத்த குடம் அது. அந்த நேரத்துல அவ அவளாவே இல்ல. இப்போ அவ வேலை பார்க்கிற இடத்துல ஒருத்தர் வந்து, ‘சாப்பாட்டுக் கடையில உன் படம் பார்த்தேன், நீதானே அது?’ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்கார். நேத்து ராத்திரி சாப்பிடவே இல்ல புள்ள. அம்மனுக்குச் செஞ்சதை நீங்க எதுக்குண்ணே வித்தீங்க?”

கோபமா கேட்டிருந்தா நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவங்க கோபமா கேக்கல. அதனால எனக்கு வாயே வரல.

அந்த மூணாவது படத்தைக் கழட்டி, சுத்தி, அவங்க கையில கொடுத்தேன். மறுநாள் வாங்கின ரெண்டு பேரையும் தேடிப் போனேன். ஒருத்தர் நல்ல மனுஷன். விஷயத்தைச் சொன்னதும் படத்தை எடுத்துக் கொடுத்துட்டார், தேர்ப் படம் ஒண்ணை மாத்திக் கொடுத்தோம். இன்னொருத்தர்தான் அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரர். “காசு கொடுத்து வாங்கினது சார், என் சொத்து. நீங்கதானே வித்தீங்க?”ன்னார். காசைத் திருப்பித் தர்றேன், வேற படம் சும்மாவே தர்றேன்னு மூணு தடவை போய்க் கேட்டேன். கடைசியில முன் சுவத்துல இருந்து உள்ளே கல்லாவுக்குப் பின்னால மாத்தி மாட்டினார். அவ்வளவுதான். இன்னிக்கும் அங்கேதான் இருக்கு. அந்தப் பக்கம் போனா நான் அந்த ரோட்டையே தவிர்த்துடுறேன். அவர் மேல எனக்குக் கோபம் கிடையாது. அவர் சொன்னது சரிதானே, வித்தது நாங்கதான்.

இதைச் சொன்னா நிறைய பேர் என்கிட்ட வாதாடுறாங்க. அவங்க சொல்றதையும் எழுதுறேன்.

“பொது இடம்தானே? பத்துமலையிலயும் தண்ணீர்மலையிலயும் வெளிநாட்டுக்காரன் எல்லாம் வந்து எடுத்துட்டுப் போறானே, அவன் யாரைக் கேட்டான்?” அவன் கேக்கலைங்கிறது உண்மைதான். ஆனா அவன் விமானம் ஏறிப் போயிடுவான். நாம அடுத்த வெள்ளிக்கிழமை அதே கோயில்ல, அதே அம்மாவுக்குப் பக்கத்துல நின்னு விபூதி வாங்கணும்.

“எடுத்தவங்களுக்குத்தானே படம் சொந்தம்?” சட்டப்படி பெரும்பாலும் அப்படித்தான். நம்ம நாட்டுல 1987ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கு. படத்தோட உரிமை பொதுவா எடுத்தவருக்கு. ஒருத்தர் காசு கொடுத்து எடுக்கச் சொன்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, அது எடுக்கச் சொன்னவருக்குப் போகும். கல்யாணப் படம் எடுக்கிற தம்பிங்க இதை ஞாபகம் வச்சுக்குங்க, வாடிக்கையாளர் படத்தைக் கேன்வஸ் அடிச்சு விளம்பரத்துக்கு மாட்டுறதுக்கு முன்னாடி. ஆனா திருவிழாப் படத்துல, உரிமை என் மகளுக்குத்தான்னு சட்டம் சொன்னாலும், அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அதுல பதில் இல்ல. படம் எங்களோடது. அந்த நேரம் யாரோடது?

“சுவத்துல சாமி படம் மாட்டுறது காலங்காலமா இருக்கே?” ஆமா, இருக்கு. ராஜா ரவிவர்மா 1894ல பம்பாய்ல அச்சகம் ஆரம்பிச்ச பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் கலர் படமா நிறைய சாதாரண வீட்டுக்குள்ள வந்தாங்க. அந்தப் படங்களுக்கும் மேல வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம் மாதிரி காட்டினாங்க. அப்புறம் சிவகாசிக் காலண்டர். எங்க அம்மா தோட்டத்து லயத்துல, மளிகைக் கடையில கொடுத்த முருகன் காலண்டரை வருஷம் முடிஞ்சும் தூக்கிப் போடாம, தேதியை வெட்டிட்டுப் படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருந்தாங்க. அதனால படம் அச்சடிச்சு விக்கிறது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா சாமிக்குத் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியதில்ல. யாரும் கவுன்டருக்கு வந்து “நீதானே அது?”ன்னு கேக்கப் போறதில்ல. குடம் எடுத்த புள்ளைக்கு அப்படியா?

“கேட்டுக்கிட்டு இருந்தா அந்தத் தருணம் போயிடுமே?” இது என் மகளே கேட்டது. நியாயமான கேள்வி. எடுக்கிறதுக்கு முன்னாடி கேக்கச் சொல்லல. விக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க. நடுவுல எவ்வளவோ நாள் இருக்கு. எடுக்கிறது வேற, ஃபேஸ்புக்குல போடுறது வேற, ஒருத்தரோட சுவத்துல பத்து வருஷம் தொங்குற மாதிரி காசுக்கு விக்கிறது வேற. அடிச்ச படத்தைத் திரும்ப வாங்குறது எவ்வளவு கஷ்டம்னு நான் நடந்து பார்த்துட்டேன்.

ஃபேக்டரியில ஒரு சாமான் செய்யணும்னா என்னென்ன வேணும்னு பட்டியல் இருக்கும். அதுல ஒரு சின்ன ஸ்க்ரூ இல்லாட்டியும் லைன் ஓடாது, நானே நிறுத்திடுவேன். 30 வருஷமா அதைச் செய்யிற ஆளு. எங்க படப் பட்டியல்ல துணி இருந்துச்சு, மை இருந்துச்சு, ஆணி வரைக்கும் இருந்துச்சு. சம்மதம் இல்ல. ஆனாலும் லைனை ஓட்டினேன்.

இப்போ எங்க வீட்டுல நடக்கிறதை எழுதுறேன். பிடிச்சா எடுத்துக்குங்க.

1. முகம் தெரியிற படம்னா, அந்த ஆள்கிட்ட கேக்காம விக்கிறதில்ல. அருள் வந்த நிலையில இருக்கிற படம்னா, ஒரு வாரம் கழிச்சு, அவங்க நிதானமா இருக்கும்போது, படத்தைக் காட்டிக் கேக்குறோம். அன்னிக்கே கேட்டா சந்தோஷத்துல யாரும் சரின்னுதான் சொல்வாங்க.

2. ஆளைத் தெரியலைன்னா கோயில்ல கேக்குறோம். காவடி, பால்குடம் பதிவு பண்ற அண்ணன்மாருக்குப் பெரும்பாலும் எல்லாரையும் தெரியும். அவங்க நம்பரைக் கேட்டு வாங்குறது கிடையாது, எங்க நம்பரைக் கொடுத்துவிடுறோம். கூப்பிடணும்னா அவங்க கூப்பிடட்டும்.

3. சின்னப் பிள்ளைங்க படம்னா அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் வாட்ஸ்அப்ல எழுத்துல சம்மதம் சொல்லணும். வாய்ப்பேச்சு போதாது.

4. சரின்னு சொன்னவங்களுக்கு முதல் பிரதி இலவசம். அந்தச் செலவை விலையிலேயே சேர்த்துட்டோம். அதனாலதான் 130. குறைக்கச் சொல்லாதீங்க.

5. மூலவர் படம் அச்சடிக்கிறதில்ல. உற்சவர், தேர்ப் படம்னா கோயில் நிர்வாகத்துகிட்ட கேட்டுட்டு.

6. கூகுள்ல எடுத்த படம் கிடையவே கிடையாது. அது இன்னொருத்தரோட உழைப்பு. அச்சடிச்சாலும் கலங்கித்தான் வரும்.

7. சாமி படம் ரிஜெக்ட் ஆனா குப்பையில போடுறதில்ல, கோயில் அரச மரத்தடியில கொண்டு வந்து வைக்கிறதும் இல்ல. அங்கே வைக்கிற பழைய படத்தையெல்லாம் ஞாயித்துக்கிழமை பொறுக்குறது நாங்கதான், தெரியும்ல? பின்பக்கம் வெள்ளையா இருக்கு, முன்பக்கத்தை மூடித் தைச்சு, பூஜை சாமான் பையா தைக்கிறாங்க என் வீட்டுக்காரம்மா.

இப்படி இருந்தா விக்க என்ன படம் மிச்சம் இருக்கும்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் பயந்தேன். ஆனா நடந்தது வேற. முகம் இல்லாத படம்தான் இப்போ எங்களுக்கு அதிகமா போகுது. சூடான தார் ரோட்டுல தண்ணி ஊத்தின இடத்துல பதிஞ்ச ஈரக் கால்தடம். மாலை கட்டுற பாட்டியோட விரல் மட்டும். அன்னதானக் கூடத்துல ஆவி பறக்கிற சோத்து அண்டா. உடைச்ச தேங்காய்ங்களுக்கு நடுவுல ஒரே ஒரு செருப்பு. கல்யாணமாகி ஜோகூர் போன பொண்ணு ஒண்ணு அந்த அண்டா படத்தை வாங்கிட்டுப் போச்சு. “எங்க அப்பா கிளறின அண்டா அங்கிள் இது”ன்னுச்சு.

அந்தப் பால்குடம் எடுத்த பொண்ணைப் பத்திக் கேப்பீங்க. அதோட அம்மாவை வெள்ளிக்கிழமைகள்ல பார்க்கிறேன். “வாங்கண்ணே”ன்னு சொல்வாங்க, பேசுவாங்க. அவங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார். அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் வந்த ரெண்டு திருவிழாவுக்கும் குடம் எடுக்கல. வேலை அதிகம்னு சொன்னாங்க. வேலைதான் காரணமா, நாங்க காரணமான்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல. ஒரு புள்ள அம்மன்கிட்ட வர்றதுக்கு வெட்கப்படுற மாதிரி கோயில்காரன் நானே பண்ணிட்டேனோன்னு நினைக்கும்போதுதான் தொண்டை அடைக்குது. அந்தப் பொண்ணு இதைப் படிச்சா, மன்னிச்சுக்கம்மா. இந்த வருஷம் குடம் எடுத்தா, கேமராவை மறிச்சு முன்னால நிக்கிற ஆளு நானா இருப்பேன்.

தம்பிங்களா, தங்கச்சிங்களா, பிரிண்டர் வாங்குங்க. நல்லா சம்பாதிங்க. வீட்டுலேயே இருந்து செய்யக்கூடிய மரியாதையான தொழில் இது. சந்தேகம்னா என்னைக் கேளுங்க, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வந்தா ஃபிரேம் மூலை மடிக்கிறதைக் கையைப் பிடிச்சே சொல்லித் தர்றேன். வாங்குறவங்களுக்கும் ஒண்ணு. திருவிழாப் படம் வாங்கும்போது, “இதுல இருக்கிறவங்ககிட்ட கேட்டீங்களா?”ன்னு விக்கிறவங்களை ஒரு தடவை கேளுங்க. அந்த அம்மா வர்றதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் எங்களை அப்படிக் கேட்டிருந்தா, அந்தப் படத்தை நான் அப்பவே கழட்டியிருப்பேன்.

தப்பா ஏதாவது எழுதியிருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. சாப்பாட்டுக் கடை எதுன்னு மட்டும் யாரும் கேக்காதீங்க, தெரிஞ்சவங்களும் எழுதாதீங்க. பிரச்சனை அவரோடது இல்ல.

தைப்பூசத்துல சந்திப்போம். தண்ணீர்ப் பந்தல்ல மோர் ஊத்திக்கிட்டு இருப்பேன்.